மூன்றரை சென்ட்: முதல் சைட் வாங்கப்போன ஒரு குடும்பத்தின் கதை

பின்னணி

வங்கியில் வீட்டுக்கடன் பிரிவில் பல ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்றவன் நான். இப்போதும் தெரிந்தவர்கள் பத்திரக் கட்டைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். இந்தக் குடும்பம் அப்படி வந்ததுதான். மனைவி என்னோடு பணியாற்றிய நண்பரின் மகள், பள்ளி ஆசிரியை. கணவருக்கு ஒரு பம்ப் தொழிற்சாலையில் வேலை. அப்போது இருவரும் சேர்ந்து மாதம் 93,000 ரூபாய் கையில் வாங்கினார்கள். கோயம்புத்தூரில் வாடகை வீடு, ஏழாம் வகுப்பு படிக்கும் ஒரு மகள், 9,400 ரூபாய் தவணையில் ஒரு கார், வங்கியில் 11 லட்சம் வைப்புத்தொகை. ஊரும் அடையாளங்களும் தெரியாதபடி சிலவற்றை விட்டுவிட்டு எழுதுகிறேன்.

2023 ஆகஸ்டில் அவர்களுக்கு ஒரு சைட் அமைந்தது. கோவைப் பக்கம் மனை என்று எழுத்தில்தான் இருக்கும், பேச்சில் சைட்தான். சத்தி சாலையில் அன்னூருக்குப் போகிற வழியில், முதன்மைச் சாலையிலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டர் உள்ளே, மூன்றரை சென்ட். சென்ட் 5,20,000 வீதம் 18,20,000 ரூபாய். பணத்துக்கு அவர்கள் போட்டிருந்த கணக்கு இதுதான்: வைப்புத்தொகை முழுவதும், நகையை வைத்து 4 லட்சம், அவளுடைய அப்பாவிடம் கைமாற்றாக 3 லட்சம், மிச்சம் சம்பளத்திலிருந்து. அதாவது வீட்டில் இருந்த அத்தனை பணமும் அந்த மூன்றரை சென்ட்டுக்குள் போய்விடும்.

ஏன் சைட் என்று பின்னால் ஒருமுறை கேட்டேன். "மாதாமாதம் வாடகை கொடுக்கும்போதெல்லாம் நாம் மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கிறோம் என்று தோன்றுகிறது, பெரியப்பா" என்றாள். கணவர் சொன்ன காரணம் வேறு. அவரோடு வேலை செய்பவர் 2011-ல் வாங்கிய சைட்டை நான்கு மடங்கு விலைக்கு விற்றிருந்தார். அதே ஆண்டு வாங்கி இன்னும் விற்க முடியாமல் வைத்திருப்பவர்கள் கேன்டீனில் உட்கார்ந்து கதை சொல்வதில்லை.

ஒரு தொலைபேசி அழைப்பு

முன்பணம் கொடுப்பதற்கு முன் என்னைக் கேட்டார்கள் என்பதை இங்கே பதிவு செய்ய வேண்டும். நான் ஒரு கல்யாணப் பந்தியில் இருந்தேன். "பட்டா விற்பவர் பெயரிலேயே இருக்கிறது, வில்லங்கச் சான்றில் ஒன்றும் இல்லை, அட்வான்ஸ் கொடுக்கலாமா?" என்றாள். "இரண்டும் சரியாக இருந்தால் கொடுங்கள், மற்றதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்று சொல்லிவிட்டு இலையைப் பார்த்தேன். அந்த ஒரு வரி பின்னால் அவர்களுக்கு 30,000 ரூபாய் செலவு வைத்தது.

மறுநாளே ஒரு லட்சம் கொடுத்துவிட்டார்கள். பாதி வங்கி வழியாக, பாதி ரொக்கமாக. தரகர் ஒரு வெள்ளைத்தாளில் "மேற்படி சைட்டுக்கு அட்வான்ஸாக ரூ. 1,00,000 பெற்றுக்கொண்டேன், மூன்று மாதத்தில் கிரயம்" என்று எழுதி, ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி விற்பவரிடம் கையெழுத்து வாங்கிக் கொடுத்தார். பத்திரத்தில் குறை இருந்தால் பணம் திரும்ப வரும் என்று அதில் ஒரு சொல் இல்லை. தமிழ்நாட்டில் 2012-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு கிரய ஒப்பந்தத்தையும் பதிவு செய்ய வேண்டும். தரகரோ "நம்மூரில் யார் சார் அதையெல்லாம் செய்கிறார்கள்" என்றார்.

தாள்களில் பார்த்தது

அடுத்த வாரம் கட்டு என்னிடம் வந்தது. முதல் பார்வைக்கு நன்றாகவே இருந்தது. விற்பவர் பெயரில் தனிப்பட்டா. 2014-ல் அவர் வாங்கிய கிரயப் பத்திரம். அங்கீகாரம் இல்லாமல் பிரித்த இடம்தான் என்றாலும், 2017-ஆம் ஆண்டு விதிகளின்படி வரன்முறை செய்த ஆணையும் இருந்தது. அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவு செய்ய 2016-ல் தடை வந்த பிறகு, இந்த ஆணை இருந்தால்தான் கட்டட அனுமதிக்கும் வங்கிக் கடனுக்கும் வழி உண்டு. அதைப் பார்த்ததும் கணவருக்குப் பெரிய நிம்மதி. "கவர்ன்மென்டே ஆர்டர் போட்டிருக்கிறதே, சார்" என்றார்.

வங்கியிலும் வாடிக்கையாளர்களிடம் இதே நிம்மதியை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். வரன்முறை ஆணை சொல்வது அந்த இடத்தில் வீடு கட்டலாமா என்பதை. பட்டா சொல்வது வருவாய்த்துறைக் கணக்கில் யார் பெயர் இருக்கிறது என்பதை. இடம் யாருடையது என்ற கேள்விக்கு இரண்டுமே விடை சொல்வதில்லை. பட்டா உரிமை ஆவணம் ஆகாது என்று நீதிமன்றங்கள் எத்தனையோ முறை சொல்லியாயிற்று. விடை பத்திரங்களின் சங்கிலியில்தான் இருக்கிறது.

சங்கிலியைப் பிடிக்கப்போனபோதுதான், ஓர் இடத்தின் மேல் பதிவான பத்திரங்களைப் பட்டியலிடும் வில்லங்கச் சான்று இடித்தது. தரகர் எடுத்துக் கொடுத்தது 2010 முதல் 2023 வரை, பதின்மூன்று ஆண்டுகளுக்கு மட்டும். அதில் இரண்டே பதிவுகள்: 2013-ல் அண்ணன் தம்பி இருவர், நாற்பது சென்ட்டை சைட் பிரித்து விற்கும் ஒருவருக்குக் கிரயம் செய்தது, 2014-ல் அவர் இப்போதைய விற்பனையாளருக்குக் கொடுத்தது. சுத்தமாகத்தான் இருந்தது, ஏனென்றால் தேடியதே சர்வே எண்ணின் புதிய உட்பிரிவு எண்ணில். உட்பிரிவு செய்வதற்கு முன் அந்த நிலம் வேறு எண்ணில் இருந்தது. பழைய எண்ணையும் சேர்த்துத் தேடாவிட்டால் பழைய கதை எதுவும் வராது. முதல் சைட் வாங்குகிற யாருக்கும் இது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. கடன் பிரிவில் இருந்த காலத்தில் எங்களுக்கே இதைச் சொல்லிக் கொடுக்க வேண்டியிருந்தது.

பழைய எண்ணைப் போட்டு 1975 முதல் இணையத்தில் எடுத்தோம். இன்னும் இரண்டு பதிவுகள் வந்தன. 1978-ல் ஒருவர் தம் சொந்தப் பணத்தில் இந்தத் தோட்டத்தைக் கிரயம் வாங்கியிருக்கிறார். 1999-ல் அவருடைய இரண்டு மகன்களும் பாகப்பிரிவினை செய்து பதிவு செய்திருக்கிறார்கள். சார்பதிவகத்தில் நகல் எடுத்துப் படித்தோம். "நமது தகப்பனார் காலமாகி, நாமிருவரும் மேற்படி சொத்தைக் கூட்டாக அனுபவித்து வரும் நிலையில்" என்று ஆரம்பித்தது. அம்மாவைப் பற்றி ஒரு சொல் இல்லை. உடன்பிறந்தவர்கள் வேறு யாரும் உண்டா இல்லையா என்பதும் இல்லை. உயில் எழுதியதாகவும் குறிப்பு இல்லை. அந்த முதல் வரியை நான் மூன்று முறை படித்தேன். "நாமிருவரும்" என்று இருந்தது, "நாமிருவர் மட்டுமே வாரிசுகள்" என்று இல்லை. பத்திரம் எழுதியவர் தெரிந்தே சொல்லை நிறுத்தியிருக்கிறார் என்றே பட்டது.

வாரிசுச் சான்று கேட்டோம். "அதெல்லாம் அந்தக் காலத்தில் யார் வாங்கினார்கள்" என்றார் தரகர்.

நேரில் கேட்டது

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நாங்கள் மூவரும் போனோம். தரகருக்குச் சொல்லவில்லை. அதுவரை அவர்கள் அந்த இடத்தைப் பார்த்தது இரண்டு முறை. இரண்டு முறையும் தரகரின் காரில், ஏசியைப் போட்டுக்கொண்டு.

தோட்டங்களுக்கு நடுவே போகும் இட்டேரிப் பாதையில் வண்டியை நிறுத்திவிட்டு நடந்தோம். எல்லைக்கற்களைத் தேடி டேப் வைத்து அளந்தோம். அளவு பத்திரத்தோடு ஒத்துப்போனது, அதில் குறை சொல்ல முடியாது. பக்கத்துத் தோட்டத்தில் ஓர் அம்மாள் சோளத்தட்டைக் கட்டுக் கட்டாகத் தூக்கிப் போரில் சாத்திக்கொண்டிருந்தார். ஆசிரியை அல்லவா, பேச்சு கொடுக்கத் தெரியும். தண்ணீர் எத்தனை அடியில் வருகிறது, மழைக்காலத்தில் இட்டேரியில் சேறு நிற்குமா என்றெல்லாம் கேட்டுவிட்டு, இந்த இடம் முன்னே யாருடையது என்று கேட்டாள். அம்மாள் பெயரைச் சொன்னார். 1978 பத்திரத்தில் இருந்த அதே பெயர். "அவருக்கு நாலு பிள்ளைகள், கண்ணு. பையன் இரண்டு, பெண் இரண்டு. சின்னவள் போன பொங்கலுக்குக்கூட இங்கே வந்திருந்தாளே" என்றார். அம்மா அவர்கள் அப்பாவுக்கு முன்பே போய்விட்டார் என்பதும், அப்பா 1996-ல் இறந்தார் என்பதும் அந்தப் பத்து நிமிடப் பேச்சில்தான் கிடைத்தன.

கணவர் ஒன்றும் பேசாமல் எல்லைக்கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

விற்பவர் தரப்பு சொன்னதும் வழக்கறிஞர் சொன்னதும்

விற்பவர் நல்ல மனிதர்தான். 2014-ல் அவரும் இதே கேள்விகளைக் கேட்காமல் வாங்கியவர். பதில் சொன்னதெல்லாம் தரகர். முதல் பதில்: "பெண்களுக்கு அப்போதே சீர் செய்து அனுப்பியாயிற்று, சார். அவர்கள் வரமாட்டார்கள்." இரண்டாவது பதில் கொஞ்சம் சட்டம் படித்த பதில்: "தமிழ்நாட்டில் பெண்களுக்கு உரிமை 25.3.1989-ல்தான் வந்தது. இரண்டு பேருக்கும் அதற்கு முன்பே கல்யாணம் ஆகிவிட்டது. அப்புறம் ஏது பங்கு?"

இரண்டாவது பதிலை எடுத்துக்கொண்டு ஒரு சிவில் வழக்கறிஞரிடம் போனோம். அவர் விளக்கியதைச் சுருக்கித் தருகிறேன். 1989 என்ற கணக்கு பூர்வீகக் கூட்டுக் குடும்பச் சொத்துக்கு உரியது. அந்த ஆண்டுச் சட்டப்படி, திருமணமாகாத மகள்களுக்குப் பிறப்பால் பங்கு வந்தது. 2005-ல் மத்தியச் சட்டத் திருத்தம் அதை எல்லா மகள்களுக்கும் விரித்தது, 2020-ல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அப்போதும் 20.12.2004-க்கு முன் பதிவான பாகப்பிரிவினைகளைத் தொடக்கூடாது என்று சட்டத்திலேயே இருக்கிறது. ஆக, இது பூர்வீகச் சொத்தாக இருந்தால் தரகரின் வாதத்துக்கு நல்ல வலு உண்டு. ஆனால் இது தகப்பனார் 1978-ல் சொந்தமாகக் கிரயம் வாங்கியது. அவர் உயில் எழுதாமல் இறந்தால், 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படியே மகனுக்கும் மகளுக்கும் சமபங்கு. திருமணம் ஆனதா இல்லையா என்ற கேள்வியே இல்லை. சீர் பங்காகாது. நான்கு பிள்ளைகளில் இருவர் மட்டும் தங்களுக்குள் பிரித்துக்கொண்டதால் மற்ற இருவரின் பங்கு மறைந்துவிடாது. அண்ணன் தம்பி விற்க முடிந்தது அவர்களுடைய பாதியைத்தான்.

"வழக்கு வரும் என்று நான் சொல்லவில்லை. வந்தால் உங்கள் பாதியைக் காப்பாற்றப் பத்து வருடம் ஆகலாம் என்று சொல்கிறேன்" என்றார் வழக்கறிஞர்.

வழியும் அவரே சொன்னார். சகோதரிகள் இருவரும் கையெழுத்திட்டு, தங்களுக்கு எந்தப் பாத்தியமும் இல்லை என்று ஒரு ஆவணத்தைப் பதிவு செய்து கொடுத்தால் வாங்கலாம். கேட்டுப் பார்த்தார்கள். மூத்தவர் சரி என்றாராம். இளையவர், நாற்பது சென்ட்டுக்கும் கணக்குப் பார்க்காமல் மூன்றரை சென்ட்டுக்கு மட்டும் ஏன் கையெழுத்துப் போட வேண்டும் என்று கேட்டிருக்கிறார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. அதுவரை யாரும் அவரிடம் எதையும் கேட்டதே இல்லை.

விலகிய முடிவு

இதற்கிடையில் தரகர் இன்னொரு கதவைத் திறந்தார். பத்திரத்தில் அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்பை மட்டும் போட்டுக்கொள்ளலாம் என்று சொன்னார். வழிகாட்டி மதிப்பு ஏறத்தாழ 7,62,000. மீதி ரொக்கமாக. முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 9 சதவீதம் என்பதால், உண்மை விலையைக் காட்டினால் 1,63,800 கட்ட வேண்டும். குறைத்துக் காட்டினால் 68,600 போதும். கணவருக்கு இதில் ஆசை இருந்தது. கிட்டத்தட்ட 95,000 மிச்சம் என்பது அவர்களுக்குச் சின்னப் பணம் இல்லை.

நான் மறுகணக்கைப் போட்டுக் காட்டினேன். நாளைக்கு இவர்கள் விற்கும்போது வாங்கிய விலை என்று சொல்ல முடிவது பத்திரத்தில் இருப்பதை மட்டும்தான். பத்தரை லட்சம் ரூபாய் இவர்கள் கையிலிருந்து போயிருந்தும் இலாபமாகவே கணக்காகும். நீண்டகால மூலதன ஆதாய வரி இன்றைய 12.5 சதவீதம் என்றால்கூட அதற்கு மட்டும் 1,32,000. அதோடு சொத்துக்கான முன்பணமாக 20,000 அல்லது அதற்கு மேல் ரொக்கமாக வாங்குவது வருமான வரிச் சட்டப்படி தவறு. பணத்தைப் பெற்றவருக்கு அதே அளவு அபராதம். இவர்கள் விற்கும்போது வாங்குபவரும் இதையே கேட்பார். ஒருமுறை இந்தப் பாதையில் கால் வைத்தால் வெளியே வரும்போதும் அதே பாதைதான்.

அக்டோபரில் விலகினார்கள். முடிவை எடுத்தது மனைவி. சட்டமும் வரியும் அவளை அவ்வளவு அசைக்கவில்லை. "அந்த இளைய பெண் ஒருநாள் வந்து நம் சுவருக்கு முன்னால் நின்றால் நான் என்ன சொல்வேன்?" என்றாள்.

முன்பணம் திரும்ப வந்த கதையை நீட்ட விரும்பவில்லை. வங்கி வழியாகப் போன 50,000 இரண்டு மாதத்தில் வந்தது. ரொக்கத்தில் 20,000 மட்டும் 2024 மார்ச்சில் வந்தது. மீதி 30,000 தரகர் செலவு, அலைச்சல் என்று பல பெயர்களில் கரைந்தது.

பணம் எதற்கு என்ற கேள்வி

இதைத்தான் நான் முதலில் கேட்டிருக்க வேண்டும். பத்திரத்தைப் பார்க்கும் பழக்கம் உள்ளவனுக்குப் பத்திரம்தான் முதலில் கண்ணில் படும். இடத்தில் வில்லங்கமே இல்லாமல் இருந்திருந்தாலும், நகையை அடகு வைத்து, அப்பாவிடம் வாங்கி, கையிருப்பைத் துடைத்து ஒரு சைட் வாங்குவது அந்தக் குடும்பத்துக்குச் சரிதானா? அவருடைய தொழிற்சாலையில் 2020-ல் ஐந்து மாதம் பாதிச் சம்பளம்தான் கொடுத்தார்கள். சைட்டை ஒரு மாதத்தில் விற்றுக் காசாக்க முடியாது. மூன்றில் ஒரு பங்கை மட்டும் விற்கவும் முடியாது.

ஒரு சாயங்காலம் உட்கார்ந்து நோட்டில் எழுதினோம். குடும்பச் செலவு மாதம் 58,000. ஏறத்தாழ ஏழு மாதச் செலவுக்கு 4 லட்சம் தனியாக. அதைத் தொடவே கூடாது. நகையைத் தொடுவதில்லை. அப்பாவின் பணம் வேண்டாம். மகளின் கல்லூரிக்கு ஐந்தாறு ஆண்டு இருக்கிறது. அதற்கான மாதச் சேமிப்பு நிற்கக்கூடாது. இவ்வளவும் போக முதலீட்டுக்கு நின்றது ஏழரை லட்சத்தை ஒட்டி.

நான் ஒரு பழைய ஃபிளாட்டைப் பார்க்கச் சொன்னேன். வாடகையாவது வருமே என்று. ஒரு படுக்கையறை, 24 லட்சம், வாடகை 7,500. பதினொரு மாத வாடகை 82,500. பராமரிப்புக் கட்டணம், சொத்துவரி, வருடத்துக்கொரு சில்லறை ரிப்பேர் போனால் கையில் 65,000 நிற்கும். போட்ட பணத்துக்கு 2.7 சதவீதம். அப்போது வீட்டுக்கடன் வட்டி 9 சதவீதத்தை ஒட்டி இருந்தது. ஏழு லட்சம் கைப்பணம் போட்டு, மீதிக்குக் கடன் வாங்கினால் மாதாமாதம் கையைவிட்டுப் பத்தாயிரத்துக்கு மேல் போகும். கட்டடத்துக்கும் இருபது வயது. என் யோசனை நோட்டிலேயே செத்துப்போனது.

ஒரு வருடம் எதையும் வாங்காமல் இருக்கலாம் என்பதுதான் அன்று முடிவானது. அந்த ஆண்டுச் சேமிப்பில் கார் கடனை அடைத்தார்கள். மாதம் 9,400 விடுபட்டது. இந்த முழு நிகழ்விலும் ஆதாயம் உறுதியாகத் தெரிந்த ஒரே முடிவு அதுவாக இருக்கலாம்.

இரண்டாவது சைட்

2024 ஜூலையில் சூலூர் பக்கம் ஒரு மனைப்பிரிவு. நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் அங்கீகாரமும் ரெரா (மனை விற்பனை ஒழுங்குமுறை ஆணையம்) பதிவும் உண்டு. இரண்டேமுக்கால் சென்ட், சென்ட் 6,40,000 வீதம் 17,60,000. முதல் சைட்டைவிடச் சிறியது, சென்ட் விலையும் கூடுதல். கணவருக்கு அது உறுத்தியது.

இந்தமுறை பணம் கொடுப்பதற்கு முன் நாற்பது நாள் எடுத்துக்கொண்டோம். ரெரா எண்ணை இணையத்தில் போட்டு, அங்கே இருந்த அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தை விளம்பரத் தாளோடு ஒப்பிட்டாள் மனைவி. விளம்பரத்தில் அவர்கள் பார்த்த சைட்டுக்கு எதிரே பச்சை வண்ணம் பூசியிருந்தது. வரைபடத்தில் அந்த இடம் மின்மாற்றிக்கு ஒதுக்கியது. பூங்கா இரண்டு தெரு தள்ளி இருந்தது. வேறு எண்ணுக்கு மாற்றிக்கொண்டார்கள். சாலைகளையும் பூங்காவையும் உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்தாயிற்றா என்று பார்த்தோம், ஆகியிருந்தது. பழைய சர்வே எண்ணில் வில்லங்கம், வாரிசுச் சான்றுகள், மகள்கள் கையெழுத்திட்ட பாகப்பிரிவினை எல்லாம் இருந்தன. ரெரா பதிவு மட்டும் உரிமைக்கு உத்தரவாதம் ஆகாது என்பதை இந்தமுறை நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவர்களே கேட்டார்கள்.

ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்கச் சொன்னோம்: வங்கியின் வழக்கறிஞர் உரிமையில் குறை கண்டால் முன்பணம் பதினைந்து நாளில் திரும்பத் தரப்படும். விற்பனை அலுவலகம் முதலில் முறைத்தது, பிறகு சேர்த்தது.

12 லட்சம் கடன், 15 ஆண்டுகள், தவணை 12,171. செப்டம்பரில் உண்மை விலைக்கே பதிவு. தீர்வையும் கட்டணமும் 1,58,400. வழக்கறிஞர், பத்திர எழுத்தர், கடன் செலவுகள் 22,000. மொத்தம் 19,40,400. இருவர் பெயரிலும் பத்திரம்.

இன்றைய நிலை

இதை எழுதும்போது வாங்கி ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. செலவெல்லாம் சேர்த்து அவர்களுக்கு அடங்கிய விலை சென்ட் 7,05,600. முதல் வருட வட்டி லட்சத்துக்குச் சற்று மேல். கைப்பணத்தை வங்கியிலேயே விட்டிருந்தால் வந்திருக்கும் வட்டி ஐம்பதாயிரம். இரண்டையும் சேர்த்தால் முதல் வருட முடிவில் நட்டமில்லாமல் விற்கவே சென்ட் 7,63,000 கிடைக்க வேண்டும். விற்பனை அலுவலகம் இன்று சொல்லும் விலை 7 லட்சம். ஆனால் அதே மனைப்பிரிவில் 6,60,000-க்கு விற்பனைக்கு என்று இரண்டு பலகைகள் ஆறு மாதமாக நிற்கின்றன. சொல்கிற விலையை வைத்துச் செல்வத்தைக் கணக்கிடாதீர்கள், கைமாறிய விலையைத் தேடுங்கள் என்று அவர்களிடம் சொல்லியிருக்கிறேன். காலி சைட்டுக்கு வாங்கிய கடன் என்பதால், வீடு கட்டி முடிக்கும்வரை வட்டிக்கு வருமான வரிச் சலுகையும் இல்லை.

முதல் சைட்டை 2024 பிப்ரவரியில் திருப்பூர்க்காரர் ஒருவர் வாங்கினார். சுற்றுச்சுவர் எழுப்பி, கேட் போட்டுவிட்டார். அங்கே இன்று சென்ட் 6,75,000 வரை கேட்கிறார்களாம். எனக்குத் தெரிந்தவரை எந்தச் சகோதரியும் இதுவரை நோட்டீஸ் அனுப்பவில்லை. கணவர் என்னைப் பார்க்கும்போதெல்லாம் இதைச் சொல்வார். நானும் மறுப்பதில்லை. அவர் சொல்வது நடந்த உண்மைதான்.

மாற்றிச் செய்யக்கூடியவை

முதலாவது என்னுடையது. தொலைபேசியில், பத்திரத்தைக் கண்ணால் பார்க்காமல், அட்வான்ஸ் கொடுக்கலாம் என்று இனி யாருக்கும் சொல்வதில்லை. கட்டாயம் என்றால் பத்தாயிரம், வங்கி வழியாக, திரும்பத் தரும் நிபந்தனையோடு.

குடும்பக் கணக்கு நோட்டு சைட் தேடுவதற்கு முன்பே எழுதப்பட்டிருக்க வேண்டும். அப்படி எழுதியிருந்தால் 18 லட்சத்துக்கு முதல் சைட்டைப் பார்க்கவே போயிருக்க மாட்டார்கள்.

வில்லங்கம் பார்க்கும்போது இன்றைய உட்பிரிவு எண்ணோடு நிறுத்தாமல் பழைய எண்களையும் தாசில்தார் அலுவலகப் பதிவேட்டில் கேட்டுத் தேடச் சொல்கிறேன். பத்திரத்தில் யாராவது இறந்ததாக வந்தால், அந்த இடத்தில் நிறுத்தி, அவருடைய பிள்ளைகள் எத்தனை பேர் என்று எண்ண வேண்டும். குறிப்பாகப் பெண் பிள்ளைகளை. பத்திரம் அதைச் சொல்லாவிட்டால் பக்கத்துத் தோட்டம் சொல்லும்.

இரண்டாவது சைட் விஷயத்திலும் எனக்கு ஒரு குறை உண்டு. உரிமையில் காட்டிய அக்கறையை விலையில் காட்டவில்லை. அந்த மனைப்பிரிவைச் சுற்றிக் கடந்த ஆண்டில் பதிவான கிரயங்களின் விலையைப் பத்திர எழுத்தர்களிடமும் அக்கம்பக்கத்திலும் விசாரித்திருக்கலாம். சென்ட்டுக்கு இருபது முப்பதாயிரம் குறைத்துக் கேட்க அது உதவியிருக்கும். முதல் முறை அடிபட்டவர்களுக்குச் சுத்தமான பத்திரத்தைப் பார்த்ததும் பேரம் பேசும் தெம்பு போய்விடுகிறது. எங்கள் மூவருக்கும் அதுதான் நடந்தது.

மகள் ஒன்பதாம் வகுப்புக்கு வந்துவிட்டாள். தவணை ஒழுங்காகப் போகிறது, ஒதுக்கி வைத்த 4 லட்சத்தை இதுவரை தொடவில்லை. வீடு கட்டலாமா, சைட்டை அப்படியே வைத்திருக்கலாமா என்று இப்போது இருவருக்குள்ளும் பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது. அடுத்த ஞாயிறு நோட்டை எடுத்துக்கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.